பாச்சாங்கில் படித்த பனி அறிக்கை

நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள ஒரு மலைத்தொடருக்கான பனிச்சரிவு அறிக்கை, மலேசிய நேரப்படி பிற்பகல் இரண்டு மணிவாக்கில் வெளியாகும். அங்கே அப்போது மாலை. மறுநாள் மலைக்குப் போகிறவர்கள் முந்தைய மாலையே படித்து முடிவெடுக்க வேண்டும் என்பதற்காக அந்த நேரம். நான் அதை மலாக்காவில், பாச்சாங்கில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கையில் மீன் குழம்பு வாசம் போவதற்குள் படிப்பேன். அங்கே குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அநேகமாக ஒரு நாளும் தவறவில்லை. படித்ததில் பாதிக்கு மேல் புரிந்ததுமில்லை.

ஒரு தமிழ் நாளிதழில் நெடுங்காலம் துணையாசிரியராக இருந்தவன் நான். இப்போதும் வீட்டிலிருந்தபடியே வாரத்தில் சில பக்கங்களைத் திருத்தி அனுப்புகிறேன். புரியாத செய்தியைப் புரிகிற தமிழில் ஆக்குவதுதான் தொழில். வட்டி விகிதம், தொற்றுநோய், செம்பனை எண்ணெய் விலை என்று எல்லாவற்றையும் அப்படித்தான் கடந்து வந்தேன். பனி மட்டும் பிடி கொடுக்கவில்லை. நான் அதைத் தொட்டதே இல்லை.

எங்கள் ஒரே மகள் அங்கே மண் பொறியியல் படித்துவிட்டு அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டாள். சாலையோரச் சரிவுகள் மழையில் இடிந்து விழாமல் பார்ப்பது அவள் வேலை. வார இறுதியில் அவள் போவது வேறு சரிவுகளுக்கு. சுற்றுலாப் படங்களில் வரும் சறுக்கு மையங்கள் அல்ல அவை. கம்பிவண்டி இல்லை, காவலர் இல்லை, ஆபத்தான பனியை முன்கூட்டியே வெடி வைத்துத் தள்ளிவிடுகிறவர்களும் இல்லை. பின்னால் வழுக்காதபடி சறுக்குப் பலகைக்கு அடியில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, சொந்தக் காலில் ஏறி, உச்சியில் பட்டையை உரித்துவிட்டு இறங்குவது. இந்த ஆண்டு அதற்கான பயிற்சி ஒன்றில் சேர்ந்தாள். ஆகஸ்டில் ஒரு வார இறுதியில் கடைசிப் பயணம். மாணவர்கள் நான்கு பேர், பின்னால் பார்த்துக்கொண்டு வர ஒரு பயிற்சியாளர். ஒவ்வொருவரும் பயணத்தின் ஒரு பகுதிக்குத் தலைமை தாங்க வேண்டும். ஞாயிறு காலை இவள் முறை.

அந்தக் காலையில் அவர்கள் முன்னால் இருக்கப்போவது, பெரிய கிண்ணத்தைப் பாதியாக வெட்டி நிறுத்தியதுபோன்ற, பனி மூடிய ஒரு சரிவு. அதைக் குறுக்கே கடந்தால் ஒரு கணவாய். கணவாய்க்கு அப்பால் இறங்கினால் சாலை. கடப்பதா, வந்த வழியே திரும்புவதா என்பதை இவள் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்தபின் அந்தத் தீர்மானத்தின் மேல் ஐந்து பேர் நடக்க வேண்டும்.

இது எங்களுக்கு ஜூலையிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் தொல்லை.

ஜூலையில் மலாக்காவில் புகைமூட்டம்; மலாயில் ஜெரெபு. கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்தால் இங்கே தொண்டை கரகரக்கும். காற்றுத் தரம் என்ன என்பதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் என் மனைவி துணி காயப் போடுவாள். அந்தக் குறியீட்டில் ஐந்து படிகள். பனிச்சரிவு அறிக்கையிலும் ஐந்து படிகள். எனவே முதல் நாள் அவள் கேட்டபோது எனக்குக் கைக்கு எட்டிய விளக்கம் அதுவாகவே இருந்தது.

"இன்னைக்கு என்னங்க போட்டிருக்கான்?"

"ரெண்டு."

"ரெண்டுன்னா?"

"நம்ம ஜெரெபு மாதிரிதான். ரெண்டுன்னா செடெர்ஹானா, சுமார்தான்."

"அப்ப துணி காயப் போடலாம்," என்றாள். அவள் முகத்தில் நிம்மதி.

பல நாள் இப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் மூன்று வந்தது. புகைமூட்டத்தில் மூன்று என்றால் எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் எதையும் நிறுத்துவதில்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவார்கள், கிளேபாங்கில் கடற்கரையோரக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்வார்கள், இருமிக்கொண்டே. நான் மூன்று என்றதும் மனைவி, "சரி, மாஸ்க் போட்டுக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள். இதைக் காணொளி அழைப்பில் மகளிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, ஜெரெபு வச்சா அம்மாவுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?"

"அஞ்சு படிதானம்மா அதுவும்."

"படி எல்லாம் ஒரே உயரம் இல்லப்பா. ரெண்டுலேருந்து மூணுக்கு ஒரு படி இல்ல, ஒரு மாடி. நாலு, அஞ்சுன்னு போட்டா எல்லாரும் வீட்டுல உக்காந்துருவாங்க. மூணுன்னு போட்டாதான் போகலாமா வேணாமான்னு யோசிப்பாங்க. அப்படி யோசிச்சுப் போறவங்கதான் மாட்டிக்கிறாங்க."

நடுவில் இருக்கும் எண்தான் ஆபத்து என்றால் மேலே இருக்கும் எண்கள் எதற்கு? கேட்டேன். அதற்கும் ஒரு பதில் சொன்னாள். சொன்னபோது புரிந்த மாதிரி இருந்தது. மனைவிக்குத் திருப்பிச் சொல்ல முயன்றபோது அது கையில் இல்லை.

நிறங்களும் உதவவில்லை. நம் காற்றுக் குறியீட்டில் பச்சை இரண்டாம் படி. அங்கே பச்சை முதல் படி. அறிக்கையில் ஒரு சக்கரம் வரும். எட்டுத் திசைக்கும் எட்டுத் துண்டுகள், உயரத்துக்கு ஏற்ப வளையங்கள், சில கட்டங்களில் மட்டும் வண்ணம். மனைவி எட்டிப் பார்த்து, "இதுல நம்ம புள்ளைக்கு எந்தக் கட்டம்?" என்றாள். தெற்குப் பார்த்த சரிவு, உயரமான வளையம் என்று காட்டினேன். அங்கே தெற்குதான் வெயில் படாத பக்கம் என்று மகள் சொல்லியிருந்தாள். வெயில் படாத பக்கத்தில் பனி உறுதியாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை, அங்கேதான் உறுதியற்ற அடுக்கு நீண்ட நாள் கெடாமல் பத்திரமாக இருக்குமாம். பத்திரமாக இருக்கும் ஆபத்து. இப்படி ஒரு தொடர் என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் கோடு போட்டு நிருபருக்குத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அறிக்கையை நான் செய்தி படிப்பதுபோல்தான் படித்தேன். முதல் பத்தி, தலைப்பு, எண். அடியில் தினமும் ஒரு பத்தி அநேகமாகச் சொல் மாறாமல் வந்துகொண்டிருந்தது. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனி, தெளிந்த இரவுகளில் சீனி மணிபோல் ஆகி, தரையோடு கிடக்கிறது. அதற்கு மேல் விழுந்த பனி அதைச் சரியாகப் பற்றவில்லை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதும் கடினம், நம்புவதும் கடினம். நேற்று வந்த வரி இன்றும் வந்தால் பக்கத்தில் இடம் போதாதபோது முதலில் வெட்டப்படுவது அதுதான். கண் தானாகத் தாண்டிவிடும்.

"அந்தக் கடைசிப் பத்தியத்தான்பா முதல்ல படிக்கணும்," என்றாள் மகள். "மேல இருக்கிற பனி நேத்து வந்தது. பிரச்சனை அடியில இருக்கு."

"அது தினமும் ஒரே மாதிரி இருக்கேம்மா."

"அதான்பா பயம்."

மனைவிக்கு இதைப் புட்டை வைத்துச் சொன்னேன். புட்டுக் குழலிலிருந்து குச்சியால் தள்ளும்போது அது எங்கே உடைகிறது? மாவில் உடைவதில்லை, தேங்காய்ப்பூ போட்ட இடத்தில்தான் உடைகிறது. பனியிலும் அப்படி ஒரு தேங்காய்ப்பூ இருக்கிறது; அதைத் தேடத்தான் குழி வெட்டிப் பார்க்கிறார்கள். குழியின் சுவரில் ஒரு தூணை நாலு பக்கமும் அறுத்துத் தனியாக்கி, அதன் தலையில் மண்வாரியின் தட்டையை வைத்துத் தட்டுவார்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எந்தத் தட்டில் உடைகிறது, எப்படி உடைகிறது என்று பார்ப்பார்கள். மனைவி கேட்டுவிட்டு, "தேங்காய்ப்பூ நெறைய போட்டா நல்லா உடையும், கொஞ்சமா போட்டா ஒட்டிக்கும்," என்றாள். அது சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. மகளிடம் கேட்க வெட்கமாக இருந்தது.

இந்தக் குழப்பத்தில் என் மைத்துனனும் சேர்ந்தான். மனைவியின் தம்பி, செர்காமில் மீன்காரர்களுக்கு ஐஸ் கட்டி விநியோகிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனோடு வருவான், அபிப்பிராயத்தோடும் வருவான்.

"நம்ம குடும்பத்துல ஐஸ வச்சுப் பொழைக்கிறவன் நான் ஒருத்தன்தான் மாமா. என்னைய யாரும் கேக்கலையே!"

"சொல்லுங்க மாமா," என்றாள் மகள், கைப்பேசித் திரையிலிருந்து.

"ஐஸ் கட்டி மேல ஐஸ் கட்டி அடுக்கினா என்னா ஆவும்? ஒட்டிக்கும். பாரம் கூடக் கூட நல்லா ஒட்டும். காலையில கடப்பாரை வச்சு நெம்பினாத்தான் வரும். நீ சொல்றது அப்படியே தலைகீழா இருக்கு."

"உங்க ஐஸ் வேற மாமா."

"ஐஸ்ல என்னாடி வேற? சீன ஐஸ், தமிழ் ஐஸ்னு இருக்கா?"

அவள் சிரித்துவிட்டு, எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்றைச் சொன்னாள். மாமா சொல்வதும் சரிதானாம். பாரம் ஏற ஏறச் சில இடங்களில் அந்த அடுக்கு இறுகி ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் அதே பாரம்தான் உடைக்கும். எந்த இடத்தில் எது என்பதுதான் கேள்வி. மைத்துனன் வென்ற முகத்தோடு என்னைப் பார்த்தான். "பாத்தீங்களா? நான் சொன்னது சரின்னுட்டா!"

அவள் தவறென்றும் சொன்னாள். அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

பயணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, அவள் தன் திட்டத்தை எனக்கு அனுப்பினாள். பயிற்சியில் ஒவ்வொருவரும் தங்கள் பகுதிக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதித் தர வேண்டும். "பனியப் பத்தி யோசிக்காதீங்கப்பா. உங்க ரிப்போர்ட்டர் அனுப்பின செய்தின்னு நெனச்சிக்கிட்டுப் படிங்க. என்ன இல்லைன்னு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

அது எனக்குத் தெரிந்த வேலை. படித்தேன். யார், எங்கே, எப்போது, எந்த வழி, வானிலை, மாற்று வழி, தொடர்புக்கு யார் என்று எல்லாம் இருந்தன. குழிகள் எங்கே வெட்டப்படும் என்று இருந்தது. "நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கப்படும்" என்றும் இருந்தது. இந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மாநிலச் செய்திகளில் ஏதாவது ஒரு அதிகாரி தினமும் இதைச் சொல்வார். நிருபர் அப்படியே எழுதி அனுப்புவார். எந்த நிலைமை, யார் பார்ப்பது என்று நாங்கள் கேட்டுத் திருப்பி அனுப்புவோம். அதே பழக்கத்தில் ஓரத்தில் எழுதினேன்: எதைப் பார்த்தால் திரும்புவது? காணவில்லை.

அன்று மாலை அழைத்தாள்.

"அது அங்க போய்ப் பாத்துத்தான்பா முடிவு பண்ண முடியும்."

"பாத்துன்னா எதைப் பாத்து?"

"நெறைய விஷயம்பா. சத்தம், விரிசல், காத்து, குழி..."

"குழியில என்ன பாத்தா?"

பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் ஓசை கேட்டது. பிறகு, "எழுதுறேன்பா," என்று மட்டும் சொன்னாள். சற்று நேரத்தில் திருத்திய திட்டம் வந்தது. ஒரு வரி கூடியிருந்தது. எந்த ஒரு குழியிலாவது அந்த அடுக்கு சுத்தமாக வெட்டியதுபோல் உடைந்தால், கடக்காமல் திரும்புவோம்.

எனக்குத் திருப்தியாக இருந்தது. செய்தியில் இருந்த ஓட்டையை அடைத்த திருப்தி. அந்த வரி பனியைப் பொறுத்தவரை நல்ல வரியா கெட்ட வரியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அழைப்பு முடிந்ததும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"போக வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

"என்னன்னு சொல்றது? எனக்கே ஒண்ணும் புரியல."

"புரியல, அதனால போகாதன்னு சொல்லுங்க."

"அவளுக்குப் புரியுதே."

"அவளுக்குப் புரியுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் ஒண்ணும் புரியலையே."

நான் திட்டத்தை மறுபடியும் திறந்தேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. ஜாசின் பக்கம் அவள் பிறந்த தோட்டத்துக் கோயிலுக்கு என்னைக் காரோட்டச் சொன்னாள். இப்போது அங்கே குடியிருப்பு இல்லை. செம்பனை மட்டும்தான், நடுவில் அம்மன் கோயில். வெள்ளிக்கிழமைகளில் பாச்சாங்கிலிருந்தும் மலாக்கா டவுனிலிருந்தும் கார்கள் வந்து மரங்களுக்கிடையே நிற்கும். அவள் பூ கேட்கப் போகிறாள் என்பது அவள் வாங்கிய பூவிலிருந்தே எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் சிவப்பு அரளி. இரண்டையும் தனித்தனியாக இலைத்துண்டில் மடித்து, வெளியிலிருந்து பார்த்தால் எது எதுவென்று தெரியாதபடி ஒரே அளவில் நூல் சுற்ற வேண்டும். அம்மன் காலடியில் போட்டுக் கற்பூரம் காட்டியபின் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம்.

"என்ன காரியம்மா? கல்யாணமா, வீடு வாங்குறதா?" என்று கேட்டார் பூசாரி.

"பனிமலைங்க."

"என்னாது?"

"மக பனிமலையில நடக்கப் போறா. அது சரியுமா சரியாதான்னு."

பூசாரி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "ஆத்தாவுக்கு அந்தப் பக்கம் பழக்கம் இருக்கான்னு தெரியலையே," என்றார். பிறகு, "சரி, கேப்போம். கேட்டா சொல்லப்போறா," என்று பொட்டலங்களை வாங்கிக்கொண்டார்.

வெள்ளை வந்தது. மனைவி மல்லிகையைக் கண்ணில் ஒற்றி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நிம்மதியா, சந்தேகமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் வந்த அறிக்கை மூன்று என்றது. அதற்குக் கீழே, இந்த மதிப்பீட்டில் எங்களுக்குள்ள நம்பிக்கை நடுத்தரம் என்றும் போட்டிருந்தார்கள். தாங்கள் எழுதுவதைத் தாங்களே எவ்வளவு நம்புகிறோம் என்று அடியில் போடும் வழக்கம் எங்கள் தொழிலில் இல்லை. இருந்திருந்தால் பல நாள் முதல் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். இதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அன்று மாலை டவுன் கோயிலுக்குப் போய்வருவதாகச் சொல்லி அவள் தனியாகப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை செர்காமில் மைத்துனன் வீட்டில் இருந்தோம். மகள் கணவாயைக் கடந்து மறுபக்கச் சாலைக்கு இறங்கினால், எங்கள் நேரப்படி பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் அழைப்பாள். நடுவில் தொடர்பு கிடைக்காது. மைத்துனன் மீன் சுட்டுக்கொண்டிருந்தான். பகல் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே கைப்பேசி அடித்தது. அவள் பெயர். இவ்வளவு சீக்கிரம் வரக்கூடாத அழைப்பு. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள், எடுக்கவிடாமல். பிறகு அவளே பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா, திரும்பிட்டோம்பா."

அவள் குரல் நன்றாக இருந்தது. சோர்வும் கோபமும் கலந்த குரல். அடிபட்ட குரல் அல்ல. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மைத்துனன் கரி படிந்த கையோடு வந்து நின்றான்.

நடந்ததை வரிசையாகச் சொன்னாள். சரிவின் ஓரத்தில் முதல் குழி. தோளிலிருந்து தட்டியும் தூண் அசையவில்லை. எல்லோரும் பலகைகளை மாட்டத் தொடங்கிவிட்டார்கள். திட்டத்தில் இரண்டு குழி என்று எழுதியிருந்ததால் சற்றுத் தள்ளி, பாறைகளுக்கு அருகில், பனி கொஞ்சம் குறைவாக இருந்த இடத்தில் இன்னொன்று வெட்டினாள். முழங்கையிலிருந்து தட்ட ஆரம்பித்ததுமே மேல் பாதி அப்படியே நழுவி அவள் மடியில் விழுந்தது. உடைந்த பரப்பு வழவழவென்று இருந்தது. அடியில் சீனி.

"புட்டு மாதிரியா?" என்றாள் மனைவி, முந்தானைக்குள்ளிருந்து.

"புட்டேதான்மா."

மற்றவர்களில் ஒருவன், நெடுநாள் அனுபவம் உள்ளவன், ஒரு குழி போ என்கிறது, ஒரு குழி வேண்டாம் என்கிறது, வானம் தெளிவாக இருக்கிறது, சரிவில் ஒரு விரிசலும் இல்லை, ஓரமாக ஒவ்வொருவராகப் போகலாம் என்றானாம். மற்ற இருவரும் அவன் பக்கம். பயிற்சியாளர் வாயே திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதுதான் அன்று அவர் வேலை. இவளுக்கும் போகலாம் என்றே தோன்றியிருக்கிறது.

"ஆனா எந்த ஒரு குழியிலாவதுன்னு எழுதி வச்சுட்டேனேப்பா. எல்லாருக்கும் குடுத்தும் இருக்கேன். அதனால திரும்பிட்டேன்."

"நல்ல வேலை செஞ்சம்மா," என்றேன்.

"இருங்கப்பா, இன்னும் முடியல. பாதி தூரம் இறங்கிட்டுத் திரும்பிப் பாத்தா, வேற யாரோ ரெண்டு பேரு அதே சரிவக் கடக்கிறாங்க. நடு மத்தியில. ஒண்ணும் ஆகல. கணவாயில நின்னு எங்களப் பாத்துக் கை வேற காட்டினாங்க."

அடுப்பில் மீன் தீயும் வாசம் வந்தது.

"சொல்லுங்கப்பா. நான் செஞ்சது சரியா தப்பா?"

"எனக்குத் தெரியலம்மா."

"நீங்கதான அந்தக் கேள்வியக் கேட்டீங்க?"

"பதில் தெரியாமத்தான்மா கேட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். கார் ஓட்ட வேண்டும், வீட்டுக்குப் போய் அழைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மைத்துனன்தான் முதலில் வாயைத் திறந்தான். "ரெண்டு பேரு போனாங்கள்ல? அப்ப ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். நான் மொதல்லயே சொன்னேன். போயிருக்கலாம்."

"நீ போய் மீனப் பாரு," என்றாள் மனைவி. "ரெண்டு பேரு போனதுக்கும் அஞ்சு பேரு போறதுக்கும் ஒண்ணா? போகல, அதனால ஒண்ணும் ஆகல. அவ்வளவுதான்."

"அக்கா, போனவங்களுக்கும்தான் ஒண்ணும் ஆகல."

"அவங்க எடம் வேறயா இருக்கும்."

"அதே எடம்னுதானே சொன்னா!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்ற ஒரே தகவலை வைத்துக்கொண்டு இரண்டு பேர் இரண்டு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எதை வெட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்த விபத்துக்குத் தலைப்புப் போட்டிருக்கிறேன். நடக்காமல் போனதற்கு, அது நடந்திருக்குமா என்றே தெரியாததற்கு, என்ன போடுவது?

"நீதான் பூ கேட்டு வெள்ளை வந்துச்சேக்கா," என்றான் மைத்துனன் விடாமல். "ஆத்தாவே போன்னு சொல்லியிருக்கா. நீ நம்பல, புள்ளையும் போகல."

மனைவி, "நேத்து டவுன் கோயில்ல இன்னொரு தடவ கேட்டேன்," என்றாள். "செவப்பு வந்துச்சு."

எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

"ரெண்டு தடவ கேக்கக் கூடாதுக்கா!"

"அவ மட்டும் ரெண்டு குழி வெட்டலையா?" என்றாள் மனைவி.

மைத்துனன் மீனைப் பார்க்கப் போனான். ஒரு பக்கம் முழுதும் கரிந்திருந்தது. மறுபக்கத்தைச் சாப்பிட்டோம்.

பயிற்சியில் அவள் தேறிவிட்டாள். அதைச் சொல்ல அழைத்தபோதும் அவள் குரல் தெளியவில்லை. பயிற்சியாளரிடம் தனியாகக் கேட்டிருக்கிறாள். தனியாக வந்திருந்தால் ஓரமாகக் கடந்திருப்பேன் என்றாராம் அவர். பிறகு எப்படி என்னைத் தேற வைத்தீர்கள் என்றதற்கு, திரும்பியதற்காகத்தான் என்றாராம். "இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்று என்னிடம் கேட்டாள். என் துறையில் இப்படி இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்று அச்சுப்பிழையாக இருக்கும். அவர் நல்ல பயிற்சியாளர் என்கிறாள்.

நான் அறிக்கையைத் தொடர்ந்து படித்தேன். அந்தக் கிண்ணச் சரிவைப் பற்றி ஏதாவது வருகிறதா என்று தேடினேன். சரிந்தது என்று ஒரு வரி வந்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பதே தவறு என்றாள் மகள். பிறகொரு நாள் சரிந்தாலும் அன்று சரிந்திருக்கும் என்று ஆகாதாம். எதுவும் வரவில்லை. பிறகு ஒரு பிற்பகல் பார்த்தால், அடியில் தினமும் வரும் அந்தப் பத்தி இல்லை. முந்தைய நாள் இருந்தது, அன்று இல்லை. விளக்கம் இல்லை, அறிவிப்பு இல்லை. உடனே அவளுக்கு எழுதினேன்: தேங்காய்ப்பூ போய்விட்டதா?

பதில் வந்தது: போயிருச்சுன்னு சொல்ல முடியாதுப்பா. இருக்குன்னு சொல்றதுக்கு இப்ப யாருக்கும் ஆதாரம் கிடைக்கல, அவ்வளவுதான்.

செப்டம்பரில் அவள் மறுபடியும் போகிறாள். இந்த முறை பயிற்சி இல்லை, நண்பர்கள் மூன்று பேர். திட்டத்தை எனக்கு அனுப்பினாள். நேற்றுப் பிற்பகல் அதையும் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவி ஈரத்துணி வாளியோடு வாசலில் நின்றாள். வெளியே புகை இன்னும் முழுவதும் போகவில்லை.

"இன்னைக்கு என்னங்க?"

"ரெண்டு."

துணி காயப் போடலாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எதைப் பாத்தா திரும்புவாளாம்?"

திட்டத்தில் தேடினேன். இருந்தது, முதல் வரியாகவே போட்டிருந்தாள். படித்துக் காட்டினேன். மனைவி முழுவதையும் கேட்டாள்.

"அது வரலன்னா?"

"போவா."

"அது வராமலே வேற எதாவது வந்தா?"

நான் திட்டத்தை மறுபடி மேலிருந்து கீழ்வரை படித்தேன். அதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. அப்படி ஒரு வரி எழுத முடியுமா என்றும் தெரியவில்லை. ஆனாலும் பழக்கத்தில், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், வானத்தைப் பார்த்துவிட்டு, பாதித் துணியை மட்டும் காயப் போட்டாள்.